தொடாமல் வரும் மின்சாரமும் மூக்கில்லாத அறையும்

கட்டடப் பாதுகாப்பு என்கிற பெயரில் புதுச் சரக்கு ஒன்று சந்தைக்கு வந்திருக்கிறது. புகையையும் விஷவாயுவையும் மோப்பம் பிடித்துக் கத்துகிற கருவி. கருவி பழசுதான். புதுசு என்னவென்றால், இதற்கு வயரும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம். கூரையில் ஓரிடத்தில் ஒரு அலைபரப்பியை மாட்டினால் போதும். அதிலிருந்து கிளம்புகிற ரேடியோ அலையை அக்கம்பக்கத்துக் கருவிகள் ஆன்டெனாவால் வாங்கி, மின்சாரமாக மாற்றி, சொட்டுச் சொட்டாய்ச் சேர்த்து அதிலேயே உயிர் வாழும். தொடாமலே சக்தியைக் கடத்துகிற வித்தை. 1901இல் டெஸ்லா நியூயார்க் பக்கம் இதற்கென்றே ஒரு கோபுரம் கட்ட ஆரம்பித்து, காசு கிடைக்காமல் பாதியில் விட்டார். தொடாமலே அடுத்தவன் சக்தியை உறிஞ்சுவதை நம்ம ஊர்க்காரர்கள் அதற்கும் ஆயிரம் வருஷம் முன்னாலேயே கண்டுபிடித்து, அதற்குத் தர்மம் என்று பேரும் வைத்துவிட்டார்கள். அவர்களுக்குக் கோபுரத்துக்குக் காசு தட்டுப்படவும் இல்லை.

இந்தக் கேலியோடு கருவியை ஒதுக்கிவிட முடியாது. ஒதுக்கக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அமெரிக்காவில் வீடுவீடாகப் புகைமானி மாட்டிய பிறகு, அது ஒழுங்காக வேலை செய்கிற வீடுகளில் தீயினால் சாகிறவர்கள் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தார்கள். மாட்டியிருந்தும் கத்தாமல் போன கருவிகளை ஆராய்ந்தபோது முதல் காரணமாக வந்தது பேட்டரி. தீர்ந்துபோனது, கழற்றப்பட்டது, துருப்பிடித்தது. ஆக, பேட்டரியே இல்லாத மானி என்பது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். 'பேட்டரி இல்ல சார்' என்கிற பதிலைச் சொல்ல முடியாமல் செய்கிற எந்தக் கருவியையும் நாம் வரவேற்க வேண்டும். ஏனென்றால் நம் சாவுகளுக்குச் சொல்லப்படுகிற பதில்களில் பாதி இந்த ரகம்.

ஆனால் 'கட்டடம்' என்று அவர்கள் எதைச் சொல்கிறார்கள்?

நான் ஒரு வங்கியில் குமாஸ்தா. வங்கிகளின் கூரையைப் பாருங்கள், வட்ட வட்டமாய் மூக்குகள் முளைத்திருக்கும். ரொக்க அறைக்கு ஒன்று, கம்ப்யூட்டர் அறைக்கு ஒன்று. நோட்டுக்கட்டுக்கு மூச்சு முட்டிவிடக்கூடாது. அவற்றுக்குக் கீழே உட்கார்ந்திருக்கிற எனக்கும் அதில் பாதுகாப்பு உண்டு, சரிதான். ஆனால் எந்தக் கட்டடத்துக்கும் பின்பக்கமாய், சிமெண்ட் மூடி போட்டு, தரைக்குக் கீழே இன்னொரு அறை இருக்கிறதே? வீட்டுக்கடன் கேட்டு வருகிற மனுக்களில் அந்த அறையின் நீளம், அகலம், ஆழம், செங்கல் எத்தனை, சிமெண்ட் எத்தனை மூட்டை என்று எஸ்டிமேட்டிலேயே எழுதியிருக்கும். அதற்கும் சேர்த்துத்தான் கடன். வாஸ்து பார்த்துத்தான் அதன் மூலையைக்கூடக் குறிக்கிறார்கள். அப்படியானால் செப்டிக் டேங்கும் கட்டடத்தின் ஒரு அறைதானே? வரவேற்பறைக்கும் சமையலறைக்கும் மூக்கு வைக்கிறவர்கள் இந்த அறைக்கு மட்டும் ஏன் வைக்கவில்லை?

ஏற்கனவே ஒரு மூக்கு இருக்கிறது என்று நினைக்கிறார்கள். அந்த மூக்குக்கு இரண்டு கை, இரண்டு கால், ஒரு குடும்பம்.

இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களில் விஷவாயு பார்க்கக் கூண்டுக்குருவியைக் கொண்டுபோவார்கள். குருவி சாய்ந்தால் ஆள் வெளியேறிவிடுவான். 1986 வரைக்கும் அந்தப் பழக்கம் இருந்தது. நம் தொழிலாளிகளுக்கு யாரும் குருவி வாங்கித் தரவில்லை. மூடியைத் திறந்ததும் கரப்பான் உயிரோடு ஓடுகிறதா என்று பார்க்கிறார்கள். தீக்குச்சியைக் கிழித்துப் போட்டுப் பார்க்கிறார்கள். உள்ளே மீத்தேன் காற்றோடு நூற்றுக்கு ஐந்து பங்கு சேர்ந்திருந்தால் அந்தக் குச்சியே குண்டாகிவிடும். இதெல்லாம் அறியாமை என்று பத்திரிகைகள் எழுதும். கருவியே தரப்படாத இடத்தில் மனுஷன் தானாக உண்டாக்கிக்கொண்ட கருவி அந்தக் கரப்பான்.

அந்தக் குழிக்குள் என்ன இருக்கிறது என்பதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்ல வேண்டும். நம் மேடைகளில் 'விஷவாயு தாக்கி' என்று ஒரே வார்த்தையில் கடந்துபோகிறோம். மீத்தேன் காற்றைவிட லேசானது, மேலே ஏறும். ஹைட்ரஜன் சல்ஃபைடு காற்றைவிடக் கனமானது, அடியில் கிடக்கும். அழுகின முட்டை நாற்றம் அதனுடையதுதான். நாற்றம் அடிக்கிற வரைக்கும்கூடப் பரவாயில்லை. காற்றில் பத்து லட்சத்துக்கு நூறு பங்கு என்கிற அளவை எட்டும்போது அது மூக்கின் நரம்பையே மரத்துப்போகச் செய்துவிடுகிறது. நாற்றம் நின்றுவிடும். 'காத்து சரியாயிருச்சு' என்று ஆள் இறங்குவான். அதற்கு மேல் பல மடங்கு ஏறினால் ஒன்றிரண்டு மூச்சிலேயே சரிந்துவிடுவான். இன்னொன்று: இந்த வாயு கசட்டுக்குள் அடைபட்டுக் கிடக்கும். மூடியைத் திறந்து பார்க்கும்போது தெரியாது. மண்வெட்டியோ காலோ கசட்டைக் கிளறும்போதுதான் குபீரென்று கிளம்பும். முதல் ஆள் விழுவான். அவனைத் தூக்க அண்ணனோ மச்சானோ இறங்குவான். அவனும் விழுவான். அப்புறம் மூன்றாமவன். ஒரே குழியில் மூன்று பேர், நாலு பேர் என்று செய்தி வருவதற்குக் காரணம் இதுதான். நம்மவர்கள் ஒருத்தரை ஒருத்தர் விட்டுவிட்டு ஓடுகிற ஜாதி இல்லை என்பதும் ஒரு காரணம்.

2020 ஜூலையில் தூத்துக்குடி மாவட்டம் கீழ செக்காரக்குடியில் ஒரு வீட்டு செப்டிக் டேங்கில் நாலு பேர் செத்தார்கள். நம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து போன இளைஞர்கள். பாளையங்கோட்டையிலிருந்து பஸ் ஏறினால் அரைப்பொழுதில் போய்வந்துவிடுகிற தூரம். 2022 ஏப்ரலில் மதுரை பழங்காநத்தம் பக்கம் கழிவுநீர் ஏற்றுகிற கிணற்றில் மூன்று பேர். அது தனியார் வீடுகூட இல்லை, மாநகராட்சியின் இடம். கழிவுநீர்ச் சாவுகளில் தேசிய ஆணையம் வைத்திருக்கிற கணக்கைப் பார்த்தால் தமிழ்நாடு முன்வரிசையில் நிற்கிறது. பெரியார் மண் என்று பேசுகிறவர்கள் இந்த வரிசையையும் ஒருதரம் பேச வேண்டும்.

இப்போது அந்த வயரில்லா மின்சாரத்துக்கு வருகிறேன். ரேடியோ அலையில் வருகிற மின்சாரம் ரொம்பக் கொஞ்சம். தூரம் இரண்டு மடங்கானால் சக்தி நாலில் ஒரு பங்காகிவிடும். நாலைந்து மீட்டர் தள்ளிப் போனாலே கிடைப்பது ஒரு வாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கோ, அதற்கும் கீழோதான். சமையல் கேஸ் கசிவைக் கண்டுபிடிக்கிற வழக்கமான மானிக்கு இது காணாது. அதற்குள்ளே ஒரு சின்ன மணியைச் சூடாக்கிக்கொண்டே இருக்க வேண்டும், அது மின்சாரம் தின்னும். ஆனால் ஹைட்ரஜன் சல்ஃபைடைக் கண்டுபிடிக்கிற மின்வேதி மானி அப்படியில்லை. வாயு பட்டால் அதுவே துளி மின்சாரத்தை உண்டுபண்ணும். அதைப் படிக்க நாக்கு நனைக்கிற அளவு சக்தி போதும். அதாவது தோழர்களே, பணக்காரன் சமையலறைக்குத்தான் இந்த வித்தையில் மானி செய்வது கஷ்டம், மலக்குழிக்குச் செய்வது மின்சாரக் கணக்கில் சுலபம். இரும்பு மூடி அலையை மறிக்கும், ஈரம் குடிக்கும், கருவிக்குள் இருக்கிற ரசாயனம் இரண்டு மூன்று வருஷத்தில் செத்துப்போகும். எல்லாம் நிஜம். மூடியை மாற்று, காற்றுக்குழாய் வழியாக ஆன்டெனாவை வெளியே எடு, வருஷா வருஷம் சோதி. என்ஜினீயருக்கு இதெல்லாம் ஒரு விஷயமா? சுலபமானதைச் செய்யாமல் கஷ்டமானதற்கு இவ்வளவு மூளை செலவாகிறதென்றால், சந்தை யார் மூச்சுக்கு விலை போட்டிருக்கிறது என்பதுதான் அதில் தெரிகிறது.

இந்த இடத்தில் நம் இயக்கத்துக்குள்ளேயே ஒரு எதிர்ப்பு வரும். வர வேண்டியதும்தான். 'கருவி கேட்பது, இறங்குவதை ஒத்துக்கொள்வது ஆகாதா? நாம் கேட்பது மானியில்லை, யாரும் இறங்கக்கூடாது என்பது.' இந்த வாதத்தை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது, ஏனென்றால் சட்டத்திலேயே அந்தப் பொறி இருக்கிறது. 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவு 'ஆபத்தான முறையில்' சாக்கடையையும் செப்டிக் டேங்கையும் சுத்தம் செய்ய ஆளை வைப்பதைத் தடை செய்கிறது. மீறினால் முதல் தடவைக்கு இரண்டு வருஷம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம். நல்லது. 'ஆபத்தான முறை' என்றால் என்ன? பாதுகாப்புச் சாதனம் தராமல் கையால் செய்ய வைப்பது. அப்போ சாதனம் தந்துவிட்டால்? அங்கேதான் கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். விதிகளில் நீளமாய் ஒரு சாதனப் பட்டியல் உண்டு, நாலு வகை வாயுவை அளக்கிற மானியும் அதில் இருக்கிறது. தவிர்க்கவே முடியாதபோது அதிகாரி எழுத்தில் அனுமதி தரலாம் என்றும் இருக்கிறது. பட்டியல் காகிதத்தில், ஆள் குழியில்.

அதனால் என் நிலை இது. குழியில் வைக்கிற மானிக்குப் பச்சை விளக்கே இருக்கக்கூடாது, சிவப்பு மட்டும்தான். கசட்டைக் கிளறினால்தான் வாயு கிளம்பும் என்றால், கிளறுவதற்கு முன்னால் 'சரி' என்று சொல்கிற எந்தக் கருவியும் பொய் சொல்கிறது. அந்தப் பொய்யைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இறங்கச் சொன்னால் அது பாதுகாப்பு இல்லை, தாயத்து. மானி ஆளின் கழுத்தில் தொங்கக்கூடாது, கட்டடத்தின் உடம்பில் இருக்க வேண்டும். பேட்டரி போட்ட கைக்கருவி என்றால் அதற்குப் பொறுப்பு தொழிலாளி தலையில்: 'நீ ஏன்டே போட்டுட்டுப் போகல?' கட்டடத்தோடு பிணைந்து, கட்டடத்தின் அலையிலேயே உயிர் வாழ்கிற மானி என்றால் பொறுப்பு சொந்தக்காரன் தலையில். அது கத்தியும் ஆளை இறக்கினான் என்றால், 'எனக்குத் தெரியாது, அவங்களா இறங்கினாங்க' என்று போலீஸ் ஸ்டேஷனில் சொல்ல முடியாது. நேரம், தேதியோடு அது பதிந்து வைத்திருக்கும். எந்திரத்தை வைத்து உறிஞ்சும்போது பக்கத்தில் நிற்கிறவனுக்கும் அதே கத்தல் காவல். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப்பக்கம் திருவனந்தபுரத்தில் 2018இலேயே 'பேண்டிகூட்' என்கிற எந்திரத்தை ஆள்நுழைவுக் குழிகளுக்குள் இறக்கிவிட்டார்கள். எந்திரம் இல்லை என்று சாக்குச் சொல்கிற காலம் போய்விட்டது.

செத்த பிறகு வருகிற கணக்கும் உண்டு. 1993க்குப் பிறகான சாவுகளுக்குப் பத்து லட்சம் என்று 2014 மார்ச்சில் உச்சநீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக்கியது. நாலு வாயு மானி ஒன்றின் விலை சில பத்தாயிரம். வங்கியில் உட்கார்ந்து வட்டி போட்டுப் பழகினவனுக்கு இந்தக் கணக்கு வயிற்றைக் கலக்குகிறது. சாவுக்குக் காசு ஒதுக்கத் தெரிந்த அரசுக்கு மூச்சுக்கு ஒதுக்கத் தெரியவில்லை.

புகைமானியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மணி அடித்தால் எழுந்து ஓடலாம், கதவு திறந்திருந்தால். 1968 டிசம்பர் 25 இரவில் கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிந்தபோது புகை வருவது யாருக்கும் தெரியாமல் இல்லை. 2001 ஆகஸ்ட் 6இல் ஏர்வாடியில் மனநோயாளிகள் 28 பேர் வெந்தபோது அவர்கள் காலில் சங்கிலி. 2004 ஜூலை 16இல் கும்பகோணத்தில் 94 பிள்ளைகள், சத்துணவுக் கூடத்து நெருப்பு கீற்றுக் கூரைக்கு ஏறி. 2012 நவம்பரில் தர்மபுரி நத்தம் காலனியில் வீடுகள் கொளுத்தப்பட்டபோது அது விபத்தே இல்லை. தீயைக் கண்டுபிடிக்கிற கருவி, தீ வைக்கிறவனைக் கண்டுபிடிக்காது. இதைத் தெரிந்துகொண்டே கருவியையும் கேட்க வேண்டும். ஒன்று இருப்பதால் மற்றது வேண்டாம் என்றாகாது. தேசியக் கட்டட விதித்தொகுப்பு 15 மீட்டருக்கு மேல் உயர்கிற கட்டடங்களைத் தனியாய்ப் பிரித்து, தீக்கு ஏகப்பட்ட நிபந்தனை போடுகிறது. காலனி வீடு பத்தடி உயரம். உயரம் குறைந்தால் தீயும் குறைச்சலாகவா சுடும்? இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாளையங்கோட்டையில் காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளி நூறு வருஷத்துக்கும் மேலாக இருக்கிறது. கத்துகிற கருவி அவர்களுக்கு எதற்கு? விளக்கு மின்ன வேண்டும், படுக்கை அதிர வேண்டும். 'எல்லோருக்கும்' என்று சொல்லிக் கருவி செய்கிறவன் மனசில் எல்லோரும் இருப்பதில்லை.

இதைப் படிக்கிற மாணவத் தோழர்களில் பலர் ஆதிதிராவிடர் நல விடுதிகளில் இருப்பவர்கள். உங்கள் விடுதிச் சமையற்கட்டில் கேஸ் சிலிண்டர் எங்கே இருக்கிறது, ராத்திரி அந்தக் கதவு எந்தப் பக்கம் பூட்டப்படுகிறது, பின்னால் இருக்கிற செப்டிக் டேங்கைக் கடைசியாக எப்போது, யார், எதை வைத்துச் சுத்தம் செய்தார்கள்? இந்த மூன்றையும் எழுதி வையுங்கள். அப்புறம் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் வில்லை ஒட்டி மாநகராட்சிக்கு ஒரு மனு: வாயுமானிகள் மொத்தம் எத்தனை இருக்கின்றன, எந்த வருஷம் வாங்கியவை, அவற்றின் உணரிகளைக் கடைசியாக மாற்றியதும் சோதித்ததும் எந்தத் தேதி, இறங்க எழுத்தில் அனுமதி தந்த ஆணைகள் எத்தனை, அவற்றின் நகல். முப்பது நாளில் பதில் வர வேண்டும். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆட்சியர் தலைமையில் மாவட்ட விழிப்புக் குழு ஒன்று உண்டு. அது எப்போது கூடியது, என்ன பேசியது என்கிற நடவடிக்கைக் குறிப்பையும் கூடவே கேளுங்கள். வருகிற பதில்களை, பதில் வராவிட்டால் வராத தேதியோடு, இந்தப் பத்திரிகைக்கு அனுப்புங்கள். அடுத்த இதழில் அச்சுக்குப் போகட்டும்.