ஆறு சிலிண்டருக்கு எதற்கு ரெண்டு சைலன்சர்?

பட்டறைக்காரர் பானெட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. “இன்லைன் சிக்ஸா? அதற்கு எதற்கு டூயல் எக்ஸாஸ்ட்? காசைக் கரியாக்காதீர்கள். அந்த எஞ்சினைக் கழற்றி எறிந்துவிட்டு ஒரு வி-8 வையுங்கள். அப்புறம் ரெண்டு சைலன்சர் என்ன, நாலுகூட மாட்டலாம்” என்றார். கவுண்டருக்குப் பின்னால் இருந்த இன்னொருவர் சிரித்தார்.

நடந்தது மிஷிகனில், டெட்ராய்ட்டுக்கு வடக்கே. கார் என்னுடையதல்ல. அலுவலகத்தில் எனக்குப் பத்து வருடம் மூத்த மதுரைக்காரர் ஒருவருடையது. நான் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். 1954 ஷெவர்லே, நான்கு கதவு, 235 கன அங்குல எஞ்சின், அதாவது சுமார் 3.85 லிட்டர். ஆறு சிலிண்டர்களும் ஒரே வரிசையில் நிற்கும் எஞ்சின். எழுபது வருடத்துக்குப் பிறகும் முதல் சுற்றிலேயே உயிர் பிடிக்கிறது. சைலன்சர் துருப்பிடித்து ஓட்டை, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் ஒரு விரிசல். நோய் அவ்வளவுதான். மேனிஃபோல்டை எப்படியும் மாற்றியாக வேண்டும், மாற்றுவதை இரட்டைக் குழாயாக மாற்றலாமா என்று கேட்கத்தான் போனோம். திரும்பும்போது கையில் எஞ்சின் மாற்றுவதற்கான மதிப்பீட்டுத் தாள் இருந்தது. சளிக்கு மருந்து கேட்டவனுக்கு இருதய மாற்று அறுவை சிகிச்சை.

வழியில் அண்ணன் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, “என்னப்பா, ஆறு சிலிண்டர்னா அம்புட்டுக் கேவலமா?” என்றார்.

நான் படித்தது மெக்கானிக்கல், பிழைப்பது கோடில். நம்மில் பாதிப் பேருக்கு இதுதான் ஜாதகம். ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல பட்டம்கூடத் தேவையில்லை, பெருக்கல் வகுத்தல் போதும். கேவலம் ஆறு சிலிண்டரில் இல்லை, அந்த பதிலில் இருக்கிறது.

கணக்கைப் பார்த்துவிடுவோம். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினின் ஒரு முழுச் சுழற்சிக்கு கிராங்க் ஷாஃப்ட் இரண்டு முறை சுற்றுகிறது, 720 டிகிரி. ஆறு சிலிண்டர் என்றால் 120 டிகிரிக்கு ஒரு வெடிப்பு. ஒவ்வொரு எக்ஸாஸ்ட் வால்வும் ஏறத்தாழ 240 டிகிரி நேரம் திறந்திருக்கிறது. கேமைப் பொறுத்து அதற்கு மேலும் போகும். ஆக எந்த நொடியில் பார்த்தாலும் குறைந்தது இரண்டு சிலிண்டர்கள் ஒரே நேரத்தில் புகையைத் துப்பிக்கொண்டிருக்கின்றன. ஒன்று துப்பி முடிக்கும் தறுவாயில் இருக்கும்போது, அடுத்தது முழு அழுத்தத்தோடு அதே மேனிஃபோல்டுக்குள் பாய்கிறது. பாய்கிற அழுத்தம் முன்னவனின் வாய்க்குள்ளும் போகும். ஆறு பேருக்கு ஒரே குழாய். குழாயடிச் சண்டைதான்.

இப்போது அந்த ஆறை முன்மூன்று, பின்மூன்று என்று பிரியுங்கள். இந்த எஞ்சின் வெடிக்கும் வரிசை 1-5-3-6-2-4. கவனியுங்கள்: 1 முன்னால், 5 பின்னால், 3 முன்னால், 6 பின்னால், 2 முன்னால், 4 பின்னால். மாறி மாறி, ஒருமுறைகூடத் தவறாமல். முன்குழுவுக்குள் ஒரு வெடிப்புக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 240 டிகிரி. பின்குழுவிலும் அதே 240. ஒருவன் வாளியை எடுத்துக்கொண்டு நகரும்போது அடுத்தவன் வந்து நிற்கிறான். யாரும் இதற்காகப் பாடுபட்டு எதையும் மாற்றவில்லை, வரிசையிலேயே அது இருக்கிறது.

பட்டறைக்காரர் பரிந்துரைத்த வி-8-க்கு வருவோம். ஷெவர்லே வி-8 வெடிக்கும் வரிசை 1-8-4-3-6-5-7-2. ஒற்றைப்படை எண்கள் ஒரு பக்கம், இரட்டைப்படை மறுபக்கம். ஒற்றைப்படைப் பக்கத்தை மட்டும் எண்ணிப் பாருங்கள்: இடைவெளிகள் 270, 180, 90, 180. அதாவது ஐந்தும் ஏழும் 90 டிகிரி வித்தியாசத்தில், ஒரே பக்கத்தில், ஒன்றன் காலை ஒன்று மிதித்துக்கொண்டு வருகின்றன. அமெரிக்க வி-8-இன் அந்தப் புகழ்பெற்ற கரகரப்பு, சினிமாவில் கேட்டதும் நமக்குப் புல்லரிக்கிறதே, அந்த ஒழுங்கின்மையின் சத்தம்தான். வி-8-க்கு இரண்டு குழாய் வந்ததற்குக் காரணம் இரண்டு பக்கமும் தலை இருப்பது. வாசல் இரண்டு, அதனால் குழாய் இரண்டு. சரியாகப் பிரிந்து வரும் எஞ்சினுக்கு இரண்டு குழாய் தகுதியில்லையாம். பிரித்தபிறகும் தாறுமாறாக வரும் எஞ்சினுக்கு அது பிறப்புரிமையாம். எனக்கு இதில் வேறொரு வாடை அடிக்கிறது. எட்டு பெரியது, ஆறு சின்னது. பெரியவன் போடும் சட்டையைச் சின்னவன் போடக்கூடாது. எஞ்சினியரிங் என்ற பேரில் நடப்பது இதுதான்.

இதைவிடக் கோபம் வருவது அவர்களுடைய சொந்த வரலாற்றையே அவர்கள் மறந்துவிட்டதில்தான். அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் என்றாலே மூச்சுவாங்கச் சொல்கிற பெயர் கார்வெட். 1953-இல் அது பிறந்தபோது உள்ளே இருந்தது வி-8 இல்லை. இதே 235 இன்லைன் சிக்ஸ். மூன்று கார்புரேட்டர், 150 குதிரைத்திறன், தொழிற்சாலையிலிருந்தே இரண்டு வாய் வைத்த மேனிஃபோல்ட், பின்னால் இரண்டு குழாய். அந்த வருடம் செய்த 300 கார்களும் ஃப்ளிண்ட் நகரில் செய்யப்பட்டவை. எங்கள் கவுண்டரிலிருந்து காரில் ஒரு மணி நேரம்கூட ஆகாது! அண்ணனுடைய 1954 மாடலில் கியர் கைமாற்றும் வண்டிக்கு 115 குதிரைத்திறன். கூடுதல் 35-ம் குழாயால் வந்தது என்று நான் புளுகமாட்டேன். கேம், கம்ப்ரஷன், மூன்று கார்புரேட்டர் எல்லாம் சேர்ந்த கணக்கு அது. ஆனால் அந்த எஞ்சினைச் செய்தவர்கள் அதிகச் சக்தி வேண்டும் என்று உட்கார்ந்தபோது மேனிஃபோல்டைப் பிரித்தார்கள். அது அலங்காரமாக இருந்திருந்தால் பின்னால் மட்டும் பிரித்திருப்பார்கள்.

அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் போனால் 1961-இன் ஜாகுவார் ஈ-டைப். 3.8 லிட்டர் இன்லைன் சிக்ஸ், மும்மூன்று சிலிண்டருக்கு ஒரு மேனிஃபோல்ட், நடுவில் ஜோடியாக வெளியே வரும் இரண்டு குழாய்கள். அதைப் பார்த்து யாராவது “பாவம், ஆறுதானே” என்று சொல்வார்களா? பிக்ஸாரின் ‘கார்ஸ்’ படத்தில் வரும் அந்த வயசான பந்தயக்கார், டாக் ஹட்சன், நிஜத்தில் 1951 ஹட்சன் ஹார்னெட். அதற்குள் இருந்ததும் இன்லைன் சிக்ஸ்தான். ஐம்பதுகளின் தொடக்கத்தில் நாஸ்காரில் வி-8-களை அது துரத்தித் துரத்தி அடித்திருக்கிறது.

நம்மூர் ஞாபகம் ஒன்றும் வருகிறது. எஸ்டி பைக். ஒரே சிலிண்டர், இரண்டு சைலன்சர். ஆறுக்கு ரெண்டு கூடாது என்பவர் ஒன்றுக்கு ரெண்டு வைத்த வண்டியைப் பார்த்தால் மயங்கி விழுவார். ஆனால் எஸ்டியில் அது பொய் இல்லை. சிலிண்டரிலேயே புகை வெளியேற இரண்டு வாய்கள் இருந்தன, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு குழாய் கிளம்பியது.

இந்த இடத்தில் என் தரப்பு ஆட்களிடமும் கொஞ்சம் சண்டை போட வேண்டியிருக்கிறது. ஆறு சிலிண்டர் ரசிகர்கள் பலர் ‘டூயல்’ என்று வாங்குவது என்ன? பழைய ஒற்றை மேனிஃபோல்ட் அப்படியே இருக்கும். ஒற்றைக் குழாய் சைலன்சர் வரை வரும். அதன் பின்பக்கத்தில் இரண்டு வால், வால் நுனியில் குரோம். குழாயடியில் சண்டை அப்படியே நடக்கிறது, தெருக்கோடியில் மட்டும் இரண்டு வாசல் கட்டியிருக்கிறார்கள். அதற்குக் கொடுக்கும் காசுக்கு நல்ல டயர் வாங்கலாம். ஆறு சிலிண்டரில் பிரிவு மேனிஃபோல்டில் தொடங்கவேண்டும். தொடங்கிவிட்டால், இரண்டு குழாய்களும் சில அடி தள்ளி ஒன்றாகச் சேர்ந்து ஒரே சைலன்சர் வழியாகப் போனாலும் குற்றமில்லை. பின்னால் ஒற்றை வால்தான் தெரியும். வேலை நடந்திருக்கும். தெருவில் யாருக்கும் தெரியாது, அதனாலேயே யாரும் அதைச் செய்வதில்லை.

அப்புறம் அந்த ‘பேக் பிரஷர்’ புராணம். குழாயைப் பெரிதாக்கினால் பின்னழுத்தம் போய்விடும், எஞ்சின் சக்தி இழந்துவிடும் என்று இரண்டு கண்டங்களிலும் மெக்கானிக்குகள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வெளியே தள்ளும் வேலையைக் கடினமாக்கினால் எஞ்சினுக்கு நல்லது என்று எந்த பிஸ்டனும் சொல்லாது. எஞ்சினுக்கு வேண்டியது வாயுவின் வேகம். வேகமாகப் போகும் ஒரு புகைத்துடிப்பு தன் பின்னால் குறைந்த அழுத்தத்தை விட்டுச் செல்லும்; அது அடுத்த புகையை உறிஞ்சி இழுக்கும். குழாய் அளவுக்கு மீறி அகலமானால் வேகம் செத்துவிடும், இழுப்பும் செத்துவிடும். மெக்கானிக் கண்ட விளைவு உண்மை, சொன்ன காரணம் தப்பு. காரணம் தப்பாக இருந்தால் அடுத்த முடிவும் தப்பாகத்தான் போகும், வேண்டுமென்றே குழாயை நெரிப்பார்.

அகலத்தைக் கணக்கிட பள்ளிக்கூட வட்டப்பரப்பு போதும். 2 அங்குல ஒற்றைக் குழாயின் பரப்பு 3.14 சதுர அங்குலம். ஒன்றே முக்கால் அங்குலக் குழாய் இரண்டு என்றால் 4.81. இரண்டரை அங்குல ஒற்றைக் குழாய் 4.91. அதாவது ஒரு இரண்டரை, இரண்டு ஒன்றேமுக்காலுக்குச் சமம். வி-8-க்காரனைப் பார்த்து இரண்டு இரண்டரை போட்டால் 9.8, தெருவில் ஓடும் 3.85 லிட்டர் எஞ்சினுக்கு அது ஆற்றுக்குள் சொம்புத் தண்ணீர். இன்னொன்று: பரப்பு சமமாக இருந்தாலும் இரண்டு சின்னக் குழாய்களின் சுவர், ஒரு பெரிய குழாயின் சுவரைவிட நாற்பது சதவீதம் அதிகம். புகை சீக்கிரம் ஆறும். கடைக்குப் போய்த் திரும்பும் குட்டிப் பயணங்களில் சைலன்சருக்குள் தண்ணீர் கோக்கும், துரு தின்னும். போதாததற்கு ஷெவர்லே ஆறில் எக்ஸாஸ்ட் முழுக்க ஒரே பக்கம் இருப்பதால், இரண்டாவது குழாய் மறுபக்கம் போகவேண்டுமானால் வண்டிக்கு அடியில் குறுக்கே நுழைந்து போகவேண்டும். இவையெல்லாம் இரட்டைக்கு எதிரான நிஜமான வாதங்கள். கவுண்டரில் இதில் ஒன்றைச் சொல்லியிருந்தால்கூட மரியாதையாகக் கேட்டுக்கொண்டு வந்திருப்பேன்.

எல்லாவற்றையும்விடப் பெரிய வாதம் குளிர். பழைய மேனிஃபோல்டின் நடுவில், இன்டேக் மேனிஃபோல்ட் எக்ஸாஸ்டின் முதுகில் உட்கார்ந்திருக்கும். ஒரு ஸ்பிரிங்கும் மடலும் சேர்ந்து, எஞ்சின் குளிராக இருக்கும்போது சூடான புகையை அதன் அடிவயிற்றுக்குத் திருப்பிவிடும். பெட்ரோல் ஆவியாவது அந்தச் சூட்டில்தான். மேனிஃபோல்டைப் பிரித்து, ஃபென்டன் வகை வார்ப்பிரும்பு ஜோடியை மாட்டியதும் அந்த அடுப்பு போய்விடும். குளிர்காலக் காலையில் பெட்ரோல் சொட்டுச் சொட்டாகவே உள்ளே நிற்கும், ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் வண்டி இருமும். இதற்கு வைத்தியம் இருக்கிறது: ரேடியேட்டர் சுடுதண்ணீரை இன்டேக்கின் அடியில் ஒரு தகட்டுக்குள் ஓடவிடுவது. குழாய் விற்பவர்கள் இதை வாயைத் திறந்து சொல்வதில்லை.

எஞ்சினை மாற்றினால் இந்தத் தொல்லையே இல்லை என்பீர்கள். 1954 ஷெவர்லேவில் டிரைவ் ஷாஃப்ட் ஒரு மூடிய குழாய்க்குள் ஓடுகிறது. மின்சாரம் 6 வோல்ட். வி-8-ஐ இறக்கினால் மவுண்ட், கியர்பாக்ஸ், பின் ஆக்ஸில், வயரிங் என்று ஒவ்வொன்றாக வரிசையில் வந்து நிற்கும். எங்கள் தொழிலிலும் புதிதாகச் சேர்ந்தவன் இப்படித்தான், பழைய கோடை முழுக்கப் படிக்காமலேயே “எல்லாத்தையும் ரீரைட் பண்ணிடலாம்” என்பான். பானெட்டைத் திறக்காமல் சொன்ன பதில் அது.

அண்ணனிடம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். என் சிபாரிசு: பிரித்த மேனிஃபோல்ட், சற்றுத் தள்ளி ஒன்றாகச் சேரும் குழாய்கள், இரண்டே கால் அங்குல ஒற்றைக் குழாய், ஒரே சைலன்சர். அவர் தாளைப் பொறுமையாகப் படித்தார்.

“கணக்கு எல்லாம் சரிதாம்ப்பா. ஆனா எனக்கு ரெண்டும் தனித்தனியாத்தான் வேணும்.”

“எதுக்குண்ணே?”

“அந்தச் சத்தத்துக்கு.”

அதற்கு என்னிடம் மறுப்பில்லை. 2000 சுற்றில் ஒற்றைக் குழாயில் விநாடிக்கு நூறு துடிப்பு. பிரித்தால் ஒவ்வொரு குழாயிலும் ஐம்பது. கேட்கிற குரலே வேறு. வி-8 மாதிரி உருண்டு வராது, கிழிந்த துணி மாதிரி ஒரு படபடப்பு. சத்தத்துக்காக என்று நேர்மையாகச் சொல்லிவிட்டுச் செய்பவரிடம் எனக்குச் சண்டையே கிடையாது. ஒன்றே முக்காலில் இரண்டு, இரண்டு சைலன்சர், குரோம் நுனி வேண்டாம் என்று முடிவானது. வேறொரு பட்டறையில், முதலில் பானெட்டைத் திறந்து பார்த்த ஒருவரிடம் வேலையைக் கொடுத்தோம்.

அக்டோபர் முதல் வாரத்திலிருந்து வண்டி ஓடுகிறது. சுடுதண்ணீர்த் தகட்டுக்கான பித்தளை இணைப்பு இன்னும் வந்துசேரவில்லை. அதுவரை அண்ணன் காலையில் எஞ்சினை ஓடவிட்டு, ஸ்வெட்டரோடு வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, ஒவ்வொரு குழாயாகக் குனிந்து கேட்கிறார். அண்ணி ஜன்னலைச் சாத்திக்கொள்கிறார்.