காசு கட்ட முதல் ஒரு கேள்வி

ஏ.எல். பெறுபேறு வந்தால் போதும், தம்பி தங்கைகள் எங்களிடம் கேட்கத் தொடங்கிவிடுவார்கள்: "கிராபிக் டிசைன் படிக்க எங்க போறது?"

ஆறு மாதக் கோர்ஸ் விளம்பரங்கள் போட்டோஷொப், இல்லஸ்ட்ரேட்டர் என்று அடுக்கும். அதெல்லாம் கருவி, யூடியூப்பிலும் பழகலாம். ஆனால் செய்த வேலையைப் பார்த்து "இது ஏன் இப்படி?" என்று கேட்க ஒரு ஆள் வேணும். காசு அதுக்குத்தான்.

மொறட்டுவையின் டிசைன் பட்டத்துக்கு உளச்சார்புப் பரீட்சை இருக்கு, படிப்பு ஆங்கிலத்தில். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சித்திரமும் வடிவமைப்பும் இருக்கு. மட்டக்களப்பில் விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கு.

எங்கே போனாலும் முதலில் இதைக் கேளுங்கோ: "தமிழ் எழுத்தை வைச்சு வேலை செய்ய வைப்பீங்களா?"

இல்லஸ்ட்ரேட்டரில் செட்டிங்கை மாற்றாமல் யூனிகோட் தமிழை ஒட்டினால் கொம்பு இடம்மாறி நிற்கும். பாமினியில் அடிச்சுச் சமாளிக்கலாம். ஆனால் அதையே இணையத்தில் போட்டால் வெறும் ஆங்கில எழுத்துக் குவியல்தான்.

மும்மொழிப் பலகைகளில் தமிழ் பிழையோடு, மூலையில் ஒடுங்கி நிற்பதைப் படமெடுத்துப் போட்டுக் கோபப்படுகிறோம். நாளைக்கு அந்தப் பலகையைச் செய்யப்போவது நாங்கள்தானே?