தொகுப்போர் கடமை

பல புலவர் பல காலத்தும் பல இடத்தும் பாடிய செய்யுட்களைத் தேடித் திரட்டி, அவற்றுள் தக்கன தேர்ந்து, ஒரு நூலாக அமைப்பது தொகை நூல் எனப்படும். பாடியவர் பலராயினும் நூல் ஒன்றே. ஆதலின், தொகை நூலுக்குப் பாடிய புலவரைப் போலவே தொகுத்தவரும் இன்றியமையாதவர் ஆவர். தொகுப்போர்க்குரிய தொழில்கள் இரண்டு. ஒன்று தேடுதல், மற்றொன்று தேர்தல். தேடாது தேர்ந்தால் நூல் குறைபடும். தேராது திரட்டினால் நூல் குப்பையாகும். இவ்விரண்டனுள் எதனைப் பெரிதாகக் கொள்ளல் வேண்டும் என்பது பற்றி அமெரிக்க நாட்டில் அண்மைக் காலத்தில் எழுந்த வழக்கு, கவிதை பயில்வோர் அனைவரும் எண்ணிப் பார்க்கத் தக்கதாகும்.

அமெரிக்கா பல இனத்தார் கூடி வாழும் நாடு. பன்னெடுங்காலமாக அந்நிலத்தில் வாழ்ந்துவரும் பழங்குடியினர், ஐரோப்பாவிலிருந்து குடியேறியோர், ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோரின் வழித்தோன்றல்கள், ஆசியாவிலிருந்து சென்றோர் ஆகிய எல்லாரும் அந்நாட்டுக் குடிமக்களே. ஆயினும், அங்குத் தோன்றிய கவிதைத் தொகைகளில் நெடுங்காலம் வெள்ளையர் பாடல்களே, அவற்றுள்ளும் பெரும்பாலும் ஆடவர் பாடல்களே, இடம்பெற்றன. ஏனையோர் பாடவில்லையோ? பாடினர். பாடியும் என்ன ஆயிற்று என்பதற்குப் பெண்பாற் புலவர் ஒருவரின் வரலாறு சான்றாகும்.

மேற்கு ஆப்பிரிக்காவில் பிறந்த சிறுமி ஒருத்தி, ஏழெட்டு வயதில், 1761 ஆம் ஆண்டு பாஸ்டன் நகரில் அடிமையாக விற்கப்பட்டாள். அவளை ஏற்றிவந்த கப்பலின் பெயரே அவளுக்குப் பெயராயிற்று; விலைக்கு வாங்கியவரின் குடும்பப் பெயர் அதனோடு சேர்ந்தது. பிலிஸ் வீட்லி என்னும் அப்பெண் ஆங்கிலமும் இலத்தீனும் கற்று, இளமையிலேயே கவி இயற்றும் ஆற்றல் பெற்றார். அடிமைப் பெண் ஒருத்தி இத்தகைய பாக்களை இயற்றினாள் என்பதை உலகம் எளிதில் நம்பாது அன்றோ? ஆதலின், பாஸ்டன் நகரப் பெருமக்கள் 18 பேர் ஒப்பமிட்ட சான்றுரையுடன், 1773 இல் அவருடைய நூல் இலண்டனில் வெளிவந்தது. அடிமைத்தளை நீங்கிய பின்னர் அவர் இரண்டாம் நூல் ஒன்றுக்குரிய பாடல்களையும் எழுதி முடித்தார். அதனை அச்சிடப் பொருளுதவி வேண்டி 1779 இல் அறிவிப்பும் வெளியிட்டார். போதிய பேர் முன்வரவில்லை. 1784 இல் வறுமையுற்ற நிலையில் அவர் இறந்தார். அந்தக் கையெழுத்துப் படி இன்றுவரை கிடைக்கவில்லை. பாடல்கள் இருந்தன, ஏற்பார் இல்லை, ஆதலால் அவை அழிந்தன.

இத்தகைய அழிவு மேலும் நேராதவாறு காக்க முன்வந்தவருள் ஜேம்ஸ் வெல்டன் ஜான்சன் என்பவர் குறிப்பிடத்தக்கவர். அவர் 1922 இல் தம் கறுப்பினத்துக் கவிஞர்களின் பாடல்களைத் தொகுத்து, நீண்டதொரு முன்னுரையுடன் வெளியிட்டார். ஒரு மக்களினத்தின் பெருமையை உலகம் அவ்வினத்தார் படைத்த இலக்கியத்தையும் கலையையும் கொண்டே அளக்கின்றது என்பது அம்முன்னுரையின் உயிர்க்கருத்து. 1931 இல் அத்தொகை விரிவாக்கப்பட்டு மீண்டும் வெளிவந்தது. லாங்ஸ்டன் ஹியூஸ், கவுண்டி கல்லன் முதலிய இளங்கவிஞர்கள் அவ்விரண்டாம் பதிப்பில் இடம்பெற்றனர். முதற்பதிப்புக்கும் இரண்டாம் பதிப்புக்கும் இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளில் புதிய தலைமுறை ஒன்று எழுந்துவிட்டது என்பதை அப்பதிப்புகளே காட்டும்.

பழங்குடி மக்களின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. 1879 முதல் 1918 வரை பென்சில்வேனியா மாநிலத்தில் நடைபெற்ற கார்லைல் பள்ளி முதலான உறைவிடப் பள்ளிகளில், பழங்குடிச் சிறுவர் தம் தாய்மொழியில் பேசுதல் தடுக்கப்பட்டது. பேசுதற்கே தடை எனின், அம்மொழியில் பாடுவதற்கு வழி ஏது? எனினும் அம்மக்கள் பாட்டை மறந்தாரல்லர். பழங்குடியினராகிய ஜாய் ஹார்ஜோ என்னும் பெண்பாற் புலவர், 2019 இல் அமெரிக்க நாட்டின் அரசவைக் கவிஞராக அமர்த்தப்பட்டார். பழங்குடியினருள் அப்பதவி பெற்ற முதல்வர் அவரே. அவர் பிறரோடு கூடி 2020 இல் வெளியிட்ட தொகையில், ஏறத்தாழ 100 பழங்குடி இனங்களைச் சார்ந்த 160க்கு மேற்பட்ட கவிஞரின் பாடல்கள் உள்ளன. அந்நூல் பாடல்களை நிலப்பகுதி பற்றி ஐந்து பிரிவாக வகுத்துள்ளது. ஐந்திணைக்கு நூறு நூறாகப் பாடல் வகுத்த ஐங்குறுநூற்றைப் பயின்ற தமிழ் மாணவர்க்கு இவ்வமைப்பு வியப்புத் தாராது, உவகையே தரும். அப்பிரிவுகள் திணைகள் அல்ல. ஆயினும், பாடலை அது பிறந்த மண்ணோடு சேர்த்து வைத்துக் காணும் நெறி இரண்டிற்கும் பொதுவாகும்.

அந்நூலில் இடம்பெற்ற கவிஞருள் காலத்தால் மிக முற்பட்டவர் எலியேசர் என்னும் பழங்குடி மாணவர். ஹார்வர்டு கல்லூரியில் பயின்ற அவர், 1678 இல் மறைந்த சமயகுரு ஒருவர்மீது இலத்தீன், கிரேக்கம் ஆகிய மொழிகளில் இரங்கற்பா இயற்றினார். 1702 இல் காட்டன் மேதர் என்பவர் தாம் எழுதிய வரலாற்று நூலில் அப்பாடலையும் சேர்த்து அச்சிட்டார். அதனாலன்றோ அது பிழைத்தது! ஒருவர் தம் நூலில் இடம் தந்தார். முந்நூறு ஆண்டு கடந்தும் அம்மாணவரின் குரல் கேட்கின்றது. பிலிஸ் வீட்லியின் இரண்டாம் நூலுக்கு இடம் தருவார் இல்லை, அது மறைந்தது. இவ்விரண்டையும் ஒருங்கு வைத்து நோக்குவார்க்குத் தொகுப்போர் கடமை இன்னதென்பது விளங்கும்.

இனி, மறுப்போர் கூற்றையும் கேட்டல் வேண்டும். 2011 இல் ரீட்டா டவ் என்னும் கவிஞர், இருபதாம் நூற்றாண்டு அமெரிக்கக் கவிதைத் தொகை ஒன்றை வெளியிட்டார். ஏறத்தாழ 175 கவிஞர்க்கு அதில் இடம் கிடைத்தது. பேராசிரியரும் திறனாய்வில் தலைசிறந்தவருமாகிய ஹெலன் வெண்ட்லர் அதனைக் கடிந்து எழுதினார். ஒரு நூற்றாண்டில் படிக்கத் தக்க கவிஞர் அத்துணைப் பேர் இரார் என்பதும், பலர்க்கும் இடம் தரும் விருப்பத்தால் பெருங்கவிஞர்க்குரிய இடம் சுருங்கியது என்பதும் அவர் கருத்து. ரீட்டா டவ் அதற்கு விடையும் எழுதினார்.

வெண்ட்லர் கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. இன்ன இனத்துக்கு இத்தனை பாட்டு என்று தலைக்கணக்குப் பார்த்துத் தொகுப்பது, அவ்வினத்துப் புலவரை உயர்த்துவதாகாது. நல்ல பாட்டன்று என்று அறிந்தே ஒரு பாட்டைச் சேர்ப்பது, ‘உன்னால் இவ்வளவே இயலும்’ என்று பாடியவரைப் பார்த்துச் சொல்வதேயாகும். இரக்கத்தால் தந்த இடம் மதிப்பைத் தாராது.

ஆயினும், தரம் ஒன்றே அளவுகோல் என்போர் மூன்றினை மறத்தலாகாது. முதலாவது, தேர்வு என்பது முன்னே உள்ளவற்றுள் நிகழ்வது. தேடிச் செல்லாதவர் முன்னே தெரிந்தவர் பாடல்களே இருக்கும். அவற்றுள் சிறந்ததைத் தேர்ந்து, ‘நாட்டிலே சிறந்தது இதுவே’ எனல் முறையாகாது. இரண்டாவது, ஒரு பாட்டின் தரம் அறிதற்கு அதன் மரபு அறிதல் வேண்டும். குறிஞ்சி இன்னது, நெய்தல் இன்னது என்று அறியாதவர் அகப்பாட்டைப் படிப்பின், அதில் மலையையும் கடலையும் காண்பரேயன்றி உள்ளத்தைக் காணார். அதுபோலவே, பிறர் மரபை அறியாமல் அவர் பாட்டைப் பழிப்பவர் தம் அறியாமையையே வெளிப்படுத்துவர். மூன்றாவது, தொகை நூல்கள் தரத்தால் மட்டும் அமைவதில்லை. ரீட்டா டவ் தொகையில் ஆலன் கின்ஸ்பர்க், சில்வியா பிளாத் போன்ற புகழ்மிக்க கவிஞர் பாடல்கள் இல்லை. அவற்றின் உரிமைக்குக் கேட்கப்பட்ட தொகை பெரிதாயிருந்ததே அதற்குக் காரணம் என்று அவர் விளக்கியுள்ளார். பொருளில்லாமை ஒரு பாட்டை விலக்கலாம் எனின், புறக்கணிப்பும் பல பாட்டுகளை விலக்கியிருக்கும் என்பதில் ஐயமில்லை.

தமிழர்க்கு இவ்வுண்மை புதிதன்று. புறநானூற்றில் மன்னர் பாடலும் உண்டு. வெண்ணிக் குயத்தியார் பாடலும் உண்டு. குறுந்தொகையில் புலவர் சிலரின் இயற்பெயர் மறைந்துபோக, அவர்தம் பாடலில் அமைந்த அரிய தொடரே அவர்க்குப் பெயராயிற்று. செம்புலப்பெயல்நீரார், அணிலாடுமுன்றிலார் என்போர் அத்தகையோர். பெயரறியாத புலவர்தானே என்று தொகுத்தோர் அவரை விலக்கியிருப்பின், தமிழ் பெற்ற இழப்பு எவ்வளவு! குலம் வினவாது, புகழ் வினவாது, பாட்டின் நலம் ஒன்றையே நோக்கியதால் அவை நிலைபெற்றன.

ஆகவே, தேடுங்கால் எல்லை இன்றித் தேடுதலும், தேருங்கால் இரக்கமின்றித் தேர்தலும் தொகுப்போர் கடமை எனல் பொருந்தும். இவ்விரண்டும் முரண்பட்டவை அல்ல. அகலத் தேடியவர்க்கே நுணுகித் தேர்தல் இயலும். படிப்போர்க்கும் ஒரு கடமை உண்டு. தொகை நூல் ஒன்று கைக்கு வந்தால், மாணவர் அதில் உள்ள பாடல்களைச் சுவைத்துப் படிப்பதோடு அமையாது, அதில் இல்லாதவர் யாவர் என்றும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவ்வாறு எண்ணும் மாணவருள் ஒருவரே நாளை நல்லதொரு தொகையைத் தொகுப்பவர் ஆவார்.