கோட்டை மானுக்கு ஒரு புத்தகம்

திருகோணமலையில் மான் பார்க்கக் காட்டுக்குப் போகவேண்டியதில்லை. பிரட்ரிக் கோட்டைக்குள் புள்ளிமான்கள் கூட்டமாக மேய்கின்றன. நகரத்துத் தெருக்களிலும் திரிகின்றன. கோணேசர் கோவிலுக்குப் போகும் ஆறு வயதுப் பிள்ளைக்கு அவை பழகிய முகங்கள். அந்தப் பிள்ளை எழுத்துக் கூட்டத் தொடங்கும்போது கையில் கிடைக்கும் விலங்குப் புத்தகத்திலோ சிங்கம் அரசாளும், நரி ஏமாற்றும், முயல் புத்தி சொல்லும். கதை வேண்டாம் என்று யார் சொல்வார்? ஆனால் கோட்டை மானைப் பற்றி அந்தப் பிள்ளை தானே வாசித்து அறிய ஒரு புத்தகம் வேண்டும்.

"ஆண் மானுக்குத்தான் கொம்பு. கொம்பு விழும். மீண்டும் முளைக்கும்." இவ்வளவுதான் ஒரு பக்கம். தரம் ஒன்றுப் பிள்ளை தட்டுத்தடுமாறி இதை வாசித்து முடித்ததும், அடுத்த முறை மானைக் கண்டால் தலையைத்தான் முதலில் பார்க்கும். வாசிப்பைக் கண்ணால் சரிபார்க்க முடிகிற வயது அது.

குறைந்த சொற்களில் எழுதுவது சின்ன வேலை அல்ல. 1957இல் டாக்டர் சூஸ் எழுதிய 'த கேட் இன் த ஹட்' வெறும் 236 வெவ்வேறு சொற்களால் ஆனது. அது கற்பனைக் கதை. 1960இல் அமெரிக்காவில் தொடங்கிய 'லெட்ஸ் ரீட் அண்ட் ஃபைண்ட் அவுட்' வரிசை அதே எளிமையை அறிவியலுக்குக் கொண்டுவந்தது. தமிழிலும் நிலம் தரிசாக இல்லை. சென்னையின் தூலிகா பதிப்பகம் இருக்கிறது. இலங்கையில் ரூம் டு ரீட் நிறுவனம் சிங்களத்திலும் தமிழிலும் சிறுவர் நூல்கள் வெளியிட்டிருக்கிறது. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் நூல்கள் நான்கு வாசிப்பு நிலைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. முதல் நிலை நூலுக்கு 250 சொற்களே எல்லை.

அந்த 250 சொற்களுக்குள் திருகோணமலைக் கடலின் நீலத் திமிங்கிலத்தை அடக்கிவிடலாம். உலகத்தின் மிகப் பெரிய விலங்கு, இந்த ஊர்க் கரையிலிருந்து படகு போகும் தூரத்துக்கு வருகிறது. துறைமுகக் குடாவுக்குள்ளேயே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று நீண்டு கிடப்பதால் இங்கே கரைக்கு அருகிலேயே ஆழம் தொடங்கிவிடுகிறது. பிள்ளைக்கு இதைச் சொல்ல ஒரு படம் போதும்.

படம் என்றதும் ஒன்று சொல்லவேண்டும். சிறுவர் நூல்களில் திமிங்கிலத்தின் தலையில் நீரூற்று வரைகிறார்கள். அது தண்ணீர் அல்ல, மூச்சு. நுரையீரலிலிருந்து வேகமாக வெளிவரும் காற்று நீர்த்துளிகளோடு புகைபோலத் தெரிகிறது. திமிங்கிலம் மீன் அல்ல என்ற பெரிய உண்மை அந்த மூச்சில்தான் இருக்கிறது. அதைத் தவறாக வரைவது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம்.

இலங்கைக் கடலியலாளர் ஆஷா டி வொஸ் 2003இல் நம் தென்கடலில் நீலத் திமிங்கிலங்களின் நடுவே செக்கச் சிவந்த மலம் மிதப்பதைக் கண்டார். அங்கே அவை இரை தின்கின்றன என்பதற்கு அது சான்று. மற்றக் கடல்களில் கிரில் தின்னும் இந்த விலங்கு இலங்கைக் கடலில் வேறொரு வகைச் சின்ன இறாலைத் தின்கிறது என்பது பின்னர் ஆய்வில் தெரிந்தது. "திமிங்கிலத்தின் கக்கா சிவப்பு." இந்த வரியை வாசிக்கமாட்டேன் என்று அடம்பிடிக்கும் பிள்ளை எங்கும் இல்லை.

எழுதுவோர் வினைச்சொல்லில் கவனம் வைக்கவேண்டும். 'நீந்திக்கொண்டிருக்கின்றன' என்பதில் பிள்ளை மூச்சு வாங்கும், 'நீந்தும்' போதும். பெயர்களை ஊர் வழக்கிலேயே வைக்கலாம்: சுறா, திருக்கை, கணவாய். நிலாவெளிக்கு எதிரே, 2003இல் தேசியப் பூங்காவான புறாத்தீவில் மட்டும் ஒரு வரிசைக்குப் போதிய உயிர்கள் உண்டு: பவளம், கறுப்பு முனைச் சுறா, தீவுக்குப் பெயர் தந்த மாடப்புறா.

ஸ்டோரிவீவர் நூல்களைப் பெயர் குறிப்பிட்டு எவரும் இலவசமாக அச்சிடலாம், புதிதாக எழுதியும் ஏற்றலாம். திருகோணமலையில் கிழக்குப் பல்கலைக்கழக வளாகம் இருக்கிறது, படம் பிடிக்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள், கடலை அறிந்த மீனவர்கள் இருக்கிறார்கள். எட்டுப் பக்கம், பக்கத்துக்கு இரண்டு வரி, நடுவில் தைக்க இரண்டு கம்பி. முதல் நூல் கோட்டை மானுடையதாக இருக்கட்டும். அதன் கடைசிப் பக்கத்தில் மானுக்குப் பொலித்தீன் பையோடு தீனி போடவேண்டாம் என்றும் அச்சிடட்டும்.