உரோமை சென்ற மாணவரும் வடக்கன்குளத்துத் தமிழும்

தமிழிளைஞன் ஒருவன் உயர்கல்விக்கெனக் கடல் கடக்கும்போது தமிழ்நாட்டில் இருவகைக் குரல்கள் எழுகின்றன. ஒன்று, பெற்றோரும் உற்றாரும் எழுப்பும் பெருமிதக் குரல். "பிள்ளை கரையேறிவிட்டான்" என்பது. மற்றொன்று, தமிழன்பர் எழுப்பும் இரங்கற் குரல். "தமிழுக்கு ஒருவன் தொலைந்தான்" என்பது. இவ்விரண்டும் பிழைபட்டனவே. கடலைக் கடந்ததனாலேயே எவனும் கரையேறிவிடுவதில்லை. கடலைக் கடந்ததனாலேயே எவனும் தாய்மொழியை இழந்துவிடுவதும் இல்லை. ஊரில் இருக்கும்போதே தமிழைத் தொலைத்தவன்தான் அயல்நாட்டில் தமிழின்றி நிற்கின்றான். குற்றம் கப்பலிலும் இல்லை, வானூர்தியிலும் இல்லை. வெறுங்கையனாய் அவனை வழியனுப்பிய வீட்டிலும் பள்ளியிலும் இருக்கின்றது.

இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நெல்லை மாவட்டத்துத் தென்கோடியில், கூடங்குளத்திலிருந்து ஏழெட்டுக் கல் தொலைவிலுள்ள வடக்கன்குளம் என்னும் ஊரே சான்று பகரும்.

கூடங்குளம் இன்று உலகறிந்த பெயர். 1988ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் இந்திய அரசும் சோவியத்து அரசும் செய்துகொண்ட உடன்பாட்டின் விளைவாக அங்கு அணுமின் நிலையம் எழுந்தது. அதன் முதல் உலை 2013இல் மின்தொடரோடு இணைக்கப்பட்டது. அந்நிலையம் வேண்டுமா வேண்டாவா என்னும் வழக்கு வேறு. இடிந்தகரை மக்கள் 2011 முதல் நடத்திய அறப்போராட்டம் தனியே எழுதத் தக்கது. இங்குக் கருதத் தக்கது ஒன்றே. உருசிய மொழி பேசுவோர் அக்கடற்கரை வட்டாரத்துக்கு வந்து குடியிருந்தனர். அவ்வட்டாரத்துப் பிள்ளைகளோ மருத்துவம் பயில உருசியாவுக்கும், பொறியியல் பயிலச் செருமனிக்கும் இங்கிலாந்துக்கும் செல்லும் காலம் வந்துவிட்டது. உலகம் கூடங்குளத்துக்கு வந்தது. கூடங்குளம் உலகத்துக்குச் செல்கின்றது. செல்வோர் எதனை எடுத்துச் செல்கின்றனர் என்பதே வினா.

இவ்வினாவுக்கு விடையாக வாழ்ந்து காட்டியவர் தனிநாயகம் அடிகள். அவர் 1913ஆம் ஆண்டு ஆகத்துத் திங்கள் 2ஆம் நாள், யாழ்ப்பாணத்தை அடுத்த ஊர்காவற்றுறைப் பகுதியிலுள்ள கரம்பொன் என்னும் ஊரில் பிறந்தவர். திருமுழுக்கில் பெற்ற பெயர் சேவியர். யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் பயின்ற பின்னர், 1934இல், 21ஆம் அகவையில், உரோமை நகரத்து உர்பன் பல்கலைக் கழகத்துக்கு மாணவராகச் சென்றார். 1627இல் தொடங்கப்பெற்ற அந்நிலையம் பன்னாட்டு இளைஞரும் ஒரே கூரையின்கீழ் உண்டு உறங்கிப் பயிலும் இடம். அங்கு இலத்தீனமும் இத்தாலியமும் கற்றார். ஐரோப்பிய மொழிகள் பிறவும் கற்றார். வடவாப்பிரிக்காவின் பழைய கார்த்தேசு நகரத்துக் கிறித்தவக் குருமாரைப் பற்றி ஆய்ந்து 1939இல் தம் உரோமைக் கல்வியை முடித்தார்.

இந்த மாணவரிடம் அன்று எல்லாம் இருந்தன; ஒன்று மட்டும் இல்லை. வீட்டுத் தமிழ் இருந்தது. இலக்கியத் தமிழ் இல்லை. அவருடைய பள்ளிக் கல்வி ஆங்கில வாயிலாகவே நடந்தது. அன்றைய யாழ்ப்பாணத்துப் படித்த குடும்பங்களின் நிலை அதுவே. இன்றைய நெல்லைக் குடும்பங்களின் நிலையும் அதுவே. ஆயின் உரோமை அவரைத் தமிழிலிருந்து பிரிக்கவில்லை. தமிழை நோக்கித் திருப்பியது. அங்கிருந்த தமிழ் மாணவரோடு கூடி அவர் வீரமாமுனிவர் கழகம் என ஒன்றை நடத்தினார். அப்பெயரின் பொருத்தத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். வட இத்தாலியில் 1680இல் பிறந்து, தமிழகத்துக்கு வந்து, தேம்பாவணியும் சதுரகராதியும் இயற்றியவர் வீரமாமுனிவர். இத்தாலியர் ஒருவர் தமிழ் மண்ணில் கற்ற தமிழை, இத்தாலிய மண்ணில் நின்ற தமிழிளைஞர் நினைவுகூர்ந்தனர். அயலவன் கற்றுப் பெரும்புலவனான மொழியைப் பிறப்பால் உடையவன் கல்லாதிருப்பது தகுமா என்னும் வினா அப்பெயருக்குள்ளேயே அடங்கியிருக்கின்றது.

நாடு திரும்பிய அவர் தூத்துக்குடி மறைமாவட்டத்தைச் சார்ந்து, 1940 முதல் 1945 வரை வடக்கன்குளத்துத் தெரேசா உயர்நிலைப் பள்ளியில் பணிபுரிந்தார். உரோமையில் பண்டாரகர் பட்டத்துக்குரிய கல்வி முடித்தவர்; பல மொழி வல்லவர்; பள்ளியில் துணைத் தலைமையாசிரியர். அத்தகையவர் அவ்வூரில், 27ஆம் அகவைக்கு மேல், குருசாமி சுப்பிரமணிய ஐயர் என்னும் தமிழ்ப் புலவரிடம் மாணவராய் அமர்ந்து முறையாகத் தமிழ் கற்கத் தொடங்கினார். பட்டம் பெற்றவர் ஏடு தூக்கியவாறு சிற்றூர்ப் புலவரிடம் பாடங் கேட்பதற்கு நாணவில்லை. கல்லாமையே நாணத் தக்கது, காலந் தாழ்ந்து கற்பது நாணத் தக்கதன்று என்பதை அவர் உணர்ந்திருந்தார். 1945இல் அண்ணாமலைப் பல்கலைக் கழகம் புகுந்து தமிழில் முதுகலைப் பட்டம் பெற்றார். பழந்தமிழ்ப் பாக்களில் இயற்கை பெறும் இடத்தை ஆய்ந்தார். முன்னோர் பெயரான தனிநாயகம் என்பதையே தம் பெயராகக் கொண்டார். கார்த்தேசின் பழமையை ஆய்ந்த கண் கழக இலக்கியத்தின் பழமையைக் கண்டது.

இனித்தான் அவருடைய வெளிநாட்டு உலாக்கள் தொடங்குகின்றன. 1949ஆம் ஆண்டுக்குப் பின் யப்பான், அமெரிக்க நாடுகள், ஐரோப்பா எனப் பல இடங்களுக்கும் சென்று தமிழைப் பற்றிப் பேசினார். சென்ற இடந்தோறும் அவர் தேடிச் சென்ற வாயில் நூலக வாயில். உரோமை நகரில் மாணவராய் ஐந்தாண்டு வாழ்ந்தபோது வெளிக்கொணராத செல்வத்தைத் தமிழ் கற்ற பின்னர் அங்கிருந்தே வெளிக்கொணர்ந்தார். அந்தம் தெ புரோயென்சா என்னும் போர்த்துகேயத் துறவி தொகுத்து 1679இல் அச்சான தமிழ் - போர்த்துகேய அகரமுதலியின் படி ஒன்று வத்திக்கான் நூலகத்தில் இருந்தது; 16,000-க்கும் மேற்பட்ட சொற்பதிவுகள் கொண்டது. அதனை அடிகள் 1966இல் கோலாலம்பூரில் மறுபதிப்பாக வெளியிட்டார். நகரம் ஒன்றே, ஆளும் ஒருவரே, இடையில் நிகழ்ந்தது வடக்கன்குளத்துத் தமிழ்க் கல்வி. கண் இருந்தும் காணாத ஒன்றைத் தமிழ் காட்டியது.

இலிசுபன் நகரத்து அருங்காட்சியகத்தில் அவர் கண்டெடுத்து உலகுக்கு அறிவித்த சிறுநூல் இதனினும் வியப்புக்குரியது. 1554இல் அங்கு அச்சான அந்நூல் தமிழ்மொழியில் அமைந்த சமயக் கையேடு. அச்சில் வந்த முதல் தமிழ்நூல் அதுவே எனலாம். ஆயினும் அதில் தமிழ் எழுத்து ஒன்றேனும் இல்லை. தமிழ்ச் சொற்கள் யாவும் உரோம எழுத்தில் அச்சிடப்பட்டுள்ளன. அதனை ஆக்க உழைத்தோர் போர்த்துகல்லில் வாழ்ந்த தமிழர் மூவர் எனப்படுவர். அவர்தம் பெயர்களோ போர்த்துகேயப் பெயர்களாகவே எஞ்சியுள்ளன. நானூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்பே தமிழிளைஞர் அயல்நாடு சென்றிருக்கின்றனர். பெயரும் எழுத்தும் இழந்திருக்கின்றனர். ஆயினும் அவர்கள்மேல் குறை சொல்வதற்கில்லை. அன்று தமிழெழுத்து வார்ப்பு உலகில் எங்கும் இல்லை. 24 ஆண்டுகள் கழித்து, 1578இல், பொருநை கடலொடு கலக்கும் புன்னைக்காயலை இருப்பிடமாகக் கொண்டு உழைத்த அண்டிரிக்கு அடிகளின் முயற்சியால் 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் தமிழெழுத்திலேயே அச்சாயிற்று.

இன்றோ தமிழெழுத்து ஒவ்வோர் இளைஞனின் கைப்பேசியிலும் இருக்கின்றது. அவன் தாய்க்கு அனுப்பும் செய்தியை உரோம எழுத்தில் தட்டி அனுப்புகின்றான். இலிசுபன் தமிழர் இல்லாமையால் செய்ததை இவன் இருந்தும் செய்கின்றான். நானூற்றெழுபது ஆண்டு உழைப்பை ஒரு விரலால் தள்ளிவிடுகின்றான். இதனைக் காட்டிலும் எண்ணிக் கவல வேண்டிய செய்தி வேறுண்டா?

அடிகளின் பிற்பணிகள் தமிழுலகம் அறிந்தவை. 1952இல் தமிழ்ப் பண்பாட்டை உலகறியச் செய்ய ஆங்கிலக் காலாண்டிதழ் ஒன்றைத் தொடங்கினார். 1961 முதல் மலாயாப் பல்கலைக் கழகத்தில் இந்தியவியல் துறைக்குத் தலைமை தாங்கினார். 1964 சனவரியில் புதுதில்லியில் கீழைக்கலை அறிஞர் மாநாடு கூடியபோது, பிற அறிஞரோடு சேர்ந்து உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தை உருவாக்கினார். 1966இல் கோலாலம்பூரிலும், 1968இல் சென்னையிலும், 1970இல் பாரிசிலும், 1974இல் யாழ்ப்பாணத்திலும் உலகத் தமிழ் மாநாடுகள் கூடின. 1980 செப்டம்பர் முதல் நாள் அவர் மறைந்தார்.

தனித்தமிழ்ப் பற்றாளருள் சிலர் இங்கு ஒரு தடை எழுப்பக் கூடும். "அடிகள் மிகுதியும் எழுதியது ஆங்கிலத்தில் அன்றோ? தனித்தமிழ் இயக்கத்தார் வரிசையில் அவரை வைப்பது எங்ஙனம்?" என்பர். வைக்க வேண்டுவதில்லை. ஆயினும் ஒன்று தெளிவு. தமிழைத் தூய்மையாகக் காப்பது வீட்டைக் காப்பது போன்றது. தமிழின் பெருமையை உலகுக்கு உரைப்பது வாயிலைத் திறப்பது போன்றது. காவாத வீட்டுக்கு வாயில் எதற்கு? வாயிலே இல்லாத வீட்டில் எவர் வாழ்வார்? அடிகள் ஆங்கிலத்தைத் தமிழ் ஏறிச் செல்லும் ஊர்தியாகக் கொண்டார். இன்றைய கல்வி ஆங்கிலத்தை ஏற்றிச் செல்லத் தமிழனையே ஊர்தியாக்குகின்றது. இவ்வேறுபாட்டைக் காணாமல் அயல்மொழி கற்றாரையெல்லாம் பகைப்பது தமிழுக்கு ஆக்கமாகாது.

வேறு சிலர், "அவர் துறவி, குடும்பச் சுமை இல்லாதவர். வங்கிக் கடன் பெற்று, பகுதிநேரம் உழைத்து, பனியில் நடுங்கிப் படிக்கும் ஏழைப் பிள்ளைக்கு இதெல்லாம் இயலுமா?" என்பர். இத்தடையில் உண்மையுண்டு. கடன் வாங்கிப் படிக்கச் சென்ற பிள்ளை விடுமுறை நாளில் நண்பரோடு ஆற்றுப்பாலத்தையும் பழங்கோட்டையையும் கண்டு மகிழ்வதில் தவறொன்றுமில்லை. இளமைக்கு உலா வேண்டும். ஒவ்வொருவரும் அகரமுதலி கண்டெடுக்க வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. கேட்பது இவ்வளவே: பத்து இடங்களைப் பார்ப்பவன் பதினோராவது இடமாக ஒரு நூலகத்தையும் பார்க்கட்டும்.

அங்ஙனம் பார்க்க வேண்டியவை இல்லாமலில்லை. உருசியாவுக்குச் செல்லும் நெல்லைப் பிள்ளைக்கு அந்நாட்டுத் தமிழ் வரலாற்றை எந்தப் பள்ளி சொல்லியனுப்புகின்றது? பேச்சுத் தமிழுக்கு இலக்கணம் எழுதி அலெக்சாந்தர் மெர்வார்த்து 1929இல் இலெனின்கிராதில் வெளியிட்டார். பியாத்திகோர்சுகியும் உரூதினும் தொகுத்த தமிழ் - உருசிய அகரமுதலி 1960இல் மாசுகோவில் வெளிவந்தது. அவ்வுரூதின் தமிழார்வத்தால் தம்மைச் செம்பியன் என்றே அழைத்துக்கொண்டார். மாசுகோ பல்கலைக் கழகத்தில் பல்லாண்டுகள் தமிழ் கற்பித்த அலெக்சாந்தர் துபியான்சுகி 2020இல் மறைந்தார். அணு உலைக்காக உருசியர் கூடங்குளத்தை நாடுமுன்னரே தமிழுக்காகத் தமிழரை நாடிய உருசியர் இருந்தனர். அந்நாட்டில் ஆறாண்டு மருத்துவம் பயின்று திரும்பும் பிள்ளை இப்பெயர்களுள் ஒன்றையேனும் அறியாமல் திரும்புவானாயின், அவன் கண்டது உருசியாவின் பனியை மட்டுமே.

அயல்நாட்டார் ஒருவர் ஒருநாள் அவனைக் கேட்பார்: "உன் மொழி யாது? அதில் என்ன நூல்கள் உள?" அவ்வினாவுக்கு விடை தராமல் தலைகுனியும் நேரத்தில்தான் பெற்றோர் செய்த பிழை வெளிப்படும். மேனிலை வகுப்பில் மதிப்பெண் மிகுதியும் கிடைக்குமென்று தமிழை விடுத்துப் பிரெஞ்சை எடுப்பித்தவர் அவர். வீட்டில் தமிழ் பேசினால் நா கெடும் என்று அஞ்சியவரும் அவரே. பிரெஞ்சுக்காரன் அவனிடம் பிரெஞ்சு இலக்கியம் கேட்கமாட்டான். தமிழ் இலக்கியமே கேட்பான். கையில் இருப்பதைக் கொடுத்துத்தான் பிறர் கையிலிருப்பதைப் பெற முடியும். வெறுங்கையனுக்கு எந்நாட்டிலும் விருந்தோம்பல் உண்டு, மதிப்பு இல்லை.

ஆதலின் செய்யத் தக்கவை மூன்று. பிள்ளையை அயல்நாட்டுக்கு அனுப்ப நுழைவிசைவும் குளிராடையும் தேடும் பெற்றோர், அதற்கு முன் ஓராண்டேனும் நல்லாசிரியரிடம் தமிழ் கற்பிக்க வேண்டும். வடக்கன்குளத்துப் புலவரைப் போன்றோர் இன்றும் சிற்றூர்தோறும் உளர். செல்லும் பிள்ளையின் பெட்டியில் திருக்குறளும் புறநானூறும் இடம்பெற வேண்டும். ஊறுகாய்ச் சாடிக்கு இடம் இருக்கும்போது இவற்றுக்கு இடமில்லாமற் போகாது. தாயகத்துக்கு எழுதும் ஒவ்வொரு மடலும், ஒரு வரியேயாயினும், தமிழெழுத்தில் எழுதப்பட வேண்டும். இம்மூன்றுக்கும் பொருட்செலவு மிகச் சிறிது, வேண்டுவது மானவுணர்ச்சி.

கல்லாமற் சென்றோரும் உளம் தளர வேண்டுவதில்லை. 27ஆம் அகவையில் தொடங்கியவர் உலகத் தமிழ் மன்றத்தையே நிறுவினார். திரும்பி வந்து கற்கலாம், அங்கிருந்தே கற்கலாம், இன்றே தொடங்கலாம். இளைஞர் செல்லட்டும், எந்நாட்டுக்கும் செல்லட்டும். தமிழைத் தூக்கிச் செல்ல இயலாத சுமையென்று மட்டும் எவரும் அவர்களுக்குச் சொல்லாதிருக்கட்டும். சுமை அதுவன்று; அதனை விட்டுச் சென்றவன் முதுமையில் சுமக்கும் வெறுமையே பெருஞ்சுமை.