மருந்தை அறிந்தவர் மந்திரத்துக்கு மயங்குவதா?

ஏழாயிரம்பண்ணை வட்டாரத்திலே தீப்பெட்டி ஒட்டும் தாய்மார்களைக் கேளுங்கள். குச்சியின் முனையிலே ஒரு மருந்து, பெட்டியின் பக்கத்திலே வேறொரு மருந்து, இரண்டும் உரசினால் நெருப்பு என்பார்கள். பொட்டாசியம் குளோரேட், சிவப்புப் பாஸ்பரஸ் என்ற பெயர்கள் நாவில் வராமற் போகலாம். ஆனால் எதனோடு எது சேரக்கூடாது என்பது தெரியும். பட்டாசு அறையிலோ, அது தெரியாவிட்டால் உயிரே மிஞ்சாது!

நெருப்பின் குணமறிந்த அந்த உழைப்பாளி, சட்டைப்பையிலே இருக்கும் கம்ப்யூட்டரின் முன் கைகட்டி நிற்பதா? ஆம், கைப்பேசியும் கம்ப்யூட்டர்தான். ரேஷன் கடையிலே விரலைக் கேட்கும் கருவியும் கம்ப்யூட்டர்தான்.

"பொத்தானை அமுக்கத் தெரிந்தால் போதாதா?" என்கின்றனர் மேதாவிகள். போதாது என்கிறோம் நாம்!

2016-இலே யூ.பி.ஐ. வந்தது. அதிலே பணம் அனுப்பத்தான் இரகசிய எண் வேண்டும். பணம் பெற வேண்டியதில்லை. இந்த ஒரு வரி தெரியாதவரிடம்தான், "பரிசு விழுந்திருக்கிறது, எண்ணைப் போடு" என்கிறான் எத்தன். வாரக் கூலி பறந்துவிடுகிறது! 2017-இலே ரிசர்வ் வங்கி வகுத்த விதி என்ன? வாடிக்கையாளர் தாமே எண்ணைச் சொல்லிவிட்டால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை நேரும் நட்டம் அவர் தலையில்! ஏமாந்தவர் வெட்கப்பட்டு மூலையில் உட்காரலாமா? அக்கணமே வங்கிக்கும், 1930 என்ற எண்ணுக்கும் சொல்ல வேண்டும்.

2020 அக்டோபரிலே தமிழகத்து ரேஷன் கடைகளுக்குக் கைரேகை முறை வந்தது. பசையிலும் மருந்திலும் தேய்ந்த விரலிலே ரேகை விழவில்லை என்றால், "மிஷின் ஒத்துக்கொள்ளவில்லை" என்கிறார்கள். மிஷின் என்ன நீதிபதியா? முன்பு பதிந்த ரேகையோடு இன்றைய ரேகையை ஒப்பிடுகிறது, அவ்வளவே. பொருந்தாவிட்டால் தேய்ந்தது விரல், உரிமை தேயவில்லை! இதை அறிந்த தாய் வெறும் பையோடு திரும்பமாட்டாள். மாற்று வழி கேட்பாள்.

எனவே, கம்ப்யூட்டரைச் செய்யத் தெரிய வேண்டியதில்லை. அது நம்மிடம் என்ன கேட்கிறது, கேட்டதை எங்கே அனுப்புகிறது, தவறினால் யாரைக் கேட்பது — இம்மூன்றும் தெரிந்தாக வேண்டும்.

பாடம் தொழிலாளிக்கு மட்டுமன்று, ஆள்வோர்க்கும் உண்டு. கருவி பேசுவது நல்ல தமிழாக இருக்கட்டும். கொடுத்ததற்குக் காகிதச் சீட்டு வரட்டும். கருவி கைவிட்டால் பதில் சொல்ல மனிதன் ஒருவன் இருக்கட்டும்.

தோழர்களே! சங்கத்துப் படிப்பகத்திலே, தேநீர்க் கடையிலே, தெரிந்தவர் தெரியாதவர்க்குச் சொல்லுங்கள். கருவி நமக்கு ஏவலாளாக இருக்கட்டும், எசமானாக வேண்டாம்!