கரையேறிய படகுகள்

ஏப்ரல் பாதி கழிந்துவிட்டால் நமது பாரிவாக்கத்திலும் பூந்தமல்லியிலும் ஒரே பேச்சுத்தான்: மீன் விலை ஏறிவிட்டது! ஏறத்தான் செய்யும். மீன்கள் இனம் பெருகும்பொருட்டு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லலாகாது. 2001-இல் 45 நாட்களாகத் தொடங்கிய இத்தடை 2017 முதல் 61 நாட்களாயிற்று. சிறு நாட்டுப்படகுகளுக்குத் தடையில்லாமையால் நம் சட்டிக்குக் கொஞ்சமேனும் மீன் கிட்டுகிறது.

அந்நாட்களில் மீனவர் ஓய்ந்திருப்பதாக எண்ணுவோர் ஒருமுறை காசிமேடு சென்று காணட்டும். நீரில் மறைந்து கிடந்த படகின் அடிப்பகுதி அப்போதுதான் வெளிச்சத்தைப் பார்க்கிறது. அதில் அப்பியுள்ள சிப்பியையும் பாசியையும் முதலில் சுரண்டி எடுக்க வேண்டும். விட்டுவைத்தால் வேகம் குன்றும், டீசல் வீணாகும். கடற்புழு துளைத்த பலகை எதுவெனத் தட்டிப் பார்த்து மாற்றுகிறார் தச்சர். இடுக்குகளில் பஞ்சுத் திரி திணித்து அடைப்பதும், எஞ்சினைப் பிரித்துப் பார்ப்பதும், வர்ணம் பூசுவதும் அதற்குப் பிறகு. விசிறிக்கும் சுக்கானுக்கும் அருகே துத்தநாகக் கட்டி பொருத்துவதும் உண்டு. உப்புநீர் மற்ற உலோகங்களை விட்டு அதையே முதலில் அரிக்கும். அது கரைந்தபின் புதிது மாட்டுவர். (மறையுரைக்கு உவமை தேடும் குருக்கள் கவனிக்க!)

வருவாய் நின்ற மாதங்களில்தான் இச்செலவெல்லாம் வந்து சேர்கிறது. அரசின் நிவாரணம் அடுப்பெரியவே காணாது. கடன்பட்டவர் மேற்புறத்துக்குப் பளபளப்பாக வர்ணம் பூசிவிட்டு, அடிப்பலகையை அடுத்த ஆண்டுக்குத் தள்ள நினைப்பது இயல்பே. ஆனால் அப்படகில் ஏறிச் செல்பவருள் பலர் பிறர் வீட்டுப் பிள்ளைகள். படகை மந்திரிக்க அழைக்கப்படும் குருவானவர், தீர்த்தம் தெளிக்குமுன் "அடிப்பலகை பார்த்தாயிற்றா?" என்று கேட்பது பக்திக்குக் குறைவாகாது என்பது நம் எண்ணம்.

யாகப்பரும் அருளப்பரும் அழைக்கப்பட்ட வேளையில் தந்தை செபதேயுவோடு வலை பழுதுபார்த்துக்கொண்டிருந்தனர் என்கிறார் மத்தேயு. அவர்கள் காலத்துப் படகுகளுக்கும் இதே கவலைதான். 1986-இல் மழை பொய்த்துக் கலிலேயாக் கடலின் நீர் வற்றியபோது, சேற்றில் புதைந்திருந்த ஏறக்குறைய அக்காலத்துப் படகொன்று வெளிப்பட்டது. நீளம் சுமார் 8 மீட்டர். அதில் பத்துக்குக் குறையாத மரவகைகள்! கிடைத்த துண்டையெல்லாம் கொண்டு மீண்டும் மீண்டும் ஒட்டுப்போட்டு ஓட்டியிருக்கின்றனர். இனி உதவாது என்றானபின், பயன்படும் உறுப்புகளை வேறு படகுகளுக்கெனக் கழற்றிக்கொண்டு, எஞ்சிய கூட்டை மட்டும் கரையோரத்தில் கைவிட்டிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் கருத்து.